சாப்பிட்டு இரண்டு மணி நேரம்

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஆவுடையம்மாள் வெளியே வந்து உட்கார்ந்தபோது மணி ஏழு நாற்பது. எட்டுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், பத்துக்கு இரண்டாவது ரத்தம், நடுவில் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது என்று லேப் பெண் ஒப்பித்தாள். பதினாலு வருஷத்துச் சர்க்கரைக்காரிக்கு இது தெரியாதா. மடியில் பை, பைக்குள் எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் எண்பது கிராம் குதிரைவாலியில் கிண்டிய உப்புமா, மேலே ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடி, ஓரத்தில் பூசணி விதை பன்னிரண்டு. எண்பது என்றால் எண்பதுதான், எண்பத்தொன்று கிடையாது. தராசில் நிறுத்துப் போட்டவர் அவள் புருஷன் பூதலிங்கம். முப்பத்தாறு வருஷம் சர்வேயராக ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவர், ரிட்டயரானதும் அளக்க ஒன்றும் இல்லாமல் பொண்டாட்டியின் தட்டை அளக்க ஆரம்பித்தார். காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, லேப் ஃபாரத்தையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டு, மைதானத்தில் நடைப்பயிற்சிக்காரர்களுக்குச் சிறுதானியம் பற்றிப் பேசப் போயிருக்கிறார். பத்தரைக்கு மேல் வருவார். ரிப்போர்ட்டைப் போட்டோ பிடிப்பார், முந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற தன் வாட்ஸப் குழுவில் போடுவார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆவுடையம்மாளின் ரத்தம் தேர்தல் முடிவு மாதிரி வெளியாகும். கைதட்டுகிற படம், கும்பிடுகிற படம், 'மாத்திரையே இல்லாமல்! ஐயாவின் சாதனை!' என்று ஆளாளுக்கு. ரத்தம் இவளுடையது, சாதனை அவருடையது, போகட்டும். ஆனால் மாத்திரையே இல்லாமல் என்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. பத்து மாதமாக இவள் ஒளித்து ஒளித்து மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. தையல் மெஷின் டிராயரில் பாபின் பெட்டிக்கு அடியில் இருக்கிறது அட்டை. நேற்று ராத்திரி போடவில்லை. இன்றைக்குக் காலையிலும் போடவில்லை. இன்றைக்குச் சர்க்கரை ஏற வேண்டும். ஏறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கோவில்பட்டியில் தங்கச்சி செண்பகம் இன்று ராத்திரியிலிருந்து இன்சுலின் ஊசியை நிறுத்திவிடுவாள்.

லேப்புக்கு இரண்டு கடை தள்ளி ஒரு ஓட்டல் இருந்தது. ஆவுடையம்மாள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்து, சுவரைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தாள். "ரெண்டு கேசரி, சீனி தூக்கலா ஒரு காப்பி." சர்வர் இரண்டு பேருக்கா என்று எதிர் நாற்காலியைப் பார்த்தான். பார்க்கட்டும். கேசரி டால்டா வாடை அடித்தது, ஆரஞ்சு நிறத்தில் கண்ணைக் குத்தியது, முந்திரி என்று சொல்லிக்கொள்ள ஒரு பாதி. இருந்தாலும் முதல் வாய் நாக்கில் பட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் கழித்துத் தின்கிற இனிப்பு இப்படியா வந்து சேர வேண்டும், ஆசைக்குத் தின்ன வழியில்லாமல், விஷம் வைக்கிறவள் மாதிரி திருட்டுத்தனமாக. சீக்கிரம் சீக்கிரம் என்று விழுங்கினாள். காப்பியின் அடியில் கரையாமல் கிடந்த சீனியை விரலால் வழித்து நக்கினாள். பிறகு டப்பா ஞாபகம் வந்தது. கொட்ட மனசு வரவில்லை, அதையும் திறந்து தின்றாள். எண்பது கிராமும். பாவம், அந்தக் குதிரைவாலி என்ன செய்தது. நல்ல தானியம்தான், பசி தாங்குகிறது, வயிறு இதமாக இருக்கிறது, அவளுக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. வரகும் சாமையும் கேப்பையும் தின்ன ஆரம்பித்து நாலாம் மாதம் டாக்டரே ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, "தானியம் நல்லா வேலை செய்யுது, மூணு மாத்திரையில ஒண்ணக் குறைச்சிரலாம். மத்த ரெண்டையும் விடவே கூடாது, பாத்துக்கோங்க" என்றார். இரண்டு வாக்கியம் சொன்னார். பூதலிங்கம் முதல் வாக்கியத்தோடு எழுந்து வெளியே வந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருபது பேரைக் கூட்டி, எல்லாருக்கும் தினைப் பாயசம் கொடுத்து, அவர்கள் பார்க்கப் பார்க்க இவளுடைய மாத்திரை அட்டைகளைக் குப்பைக் கூடையில் போட்டார். விதைக்குள்ள எல்லாம் இருக்கு என்றார். கைதட்டினார்கள். இவளும் தட்டினாள். ஏன் தட்டினாள்? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? எல்லாரும் தட்டும்போது ஒரு கை சும்மா இருக்குமா என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதுகூடத் தோன்றவில்லை. அவர் முகத்தில் இருந்த களையைப் பார்த்துத்தான் தட்டினாள். ரிட்டயரான பிறகு இரண்டு வருஷம் மடக்கி வைத்த குடை மாதிரி மூலையில் கிடந்த மனுஷன்.

திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு பத்து. இனி பத்து மணிவரை ரத்தம் தன் வேலையைப் பார்க்கும். உள்ளே சீனி ஊறிக்கொண்டிருக்கிறது, காதோரம் சூடாக இருக்கிறது, அல்லது அப்படித் தோன்றுகிறது. மாத்திரை இல்லாமல் நாற்பது நாள் இருந்து பார்த்தாளே, அது தெரியும் அவளுக்கு. முதல் வாரம் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் செம்பு செம்பாகத் தண்ணீர். அப்புறம் ஒரு காலையில் கோலம் போடக் குனிந்தவளுக்குப் புள்ளிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்து, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, இன்னும் ஏறினால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்றார். வருகிற வழியிலேயே மருந்துக்கடை ராஜாமணியிடம் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிவிட்டாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ராத்திரி சொல்லலாம் என்றிருந்தாள், ராத்திரி அவர் பேரனுக்கு வாங்குகிற மாதிரி ஆசையாக ஒரு புது மின்தராசு வாங்கி வந்தார். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தாள், மறுநாள் ஒரு பேப்பர்க்காரன் பேட்டி எடுக்க வந்தான். அடுத்த டெஸ்டில் நம்பர் இறங்கியதும் சொல்ல முடியாமலே போய்விட்டது. இறக்கியது தானியமா மாத்திரையா என்று கேட்டால் இரண்டும் சேர்ந்துதான். பாதி நிஜம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ வாய் திறந்திருப்பாள்.

பைக்குள் போன் அதிர்ந்தது. செண்பகம். எடுக்காமல் இருந்துவிடலாமா என்று நினைக்கும்போதே விரல் எடுத்துவிட்டது. "ஏக்கா, ரத்தம் குடுத்தாச்சா?" குரலில் அத்தனை உற்சாகம். "குடுத்துட்டேன்ட்டி. ரெண்டாவது பத்து மணிக்கு." "வெந்தயம் ஊறப் போட்டுட்டேன், ஆளிவிதை வறுத்து இடிச்சு வச்சுட்டேன். அத்தான் லிஸ்ட் அனுப்புனாவ பாத்துக்கோ, ஒண்ணு விடாம வாங்கிட்டேன். ஒன் ரிப்போர்ட் வந்ததும் சொல்லுதேன், அதோட இன்னைக்கு ராத்திரியிலேந்து ஊசிக்குக் கும்பிடு போட்டுருன்னு சொல்லிட்டாவ. ஆறு வருசம்க்கா. வயித்துல குத்தாத எடம் இல்ல. ஆபீஸ்ல பாத்ரூமுக்குள்ள நின்னு குத்திக்கிட்டு வாரேன். ஒருத்திக்கும் தெரியாது." "ஏட்டி, ஒங்க டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா..." "கேட்டா என்ன சொல்லுவாரு, இன்னும் ஒரு ஊசி சேத்து எழுதுவாரு. நீயே இருக்கியே கண்ணு முன்னால, ஒனக்கு இல்லாத சுகரா. ஒன்னய நம்பித்தான்க்கா இறங்குதேன்." வைத்துவிட்டாள். ஒன்னய நம்பித்தான். போனைப் பைக்குள் போட்ட பிறகும் அது காதிலேயே நின்றது. இவள் மாத்திரைக்காரி, விட்டதற்குக் கண்ணோடு போயிற்று. அவள் ஊசிக்காரி. காலில் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் போன வருஷத்துக்கு முந்தின வருஷமே எடுத்தாயிற்று, செருப்புக்கு வார் நிற்பதில்லை, பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை, புருஷன் இல்லை, காலும் போனால் யார் இருக்கிறார்கள் அவளுக்கு? ஊசியை நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும்? பத்து நாளா, ஒரு மாதமா? இப்போது சொல்லியிருக்கலாம். இந்த நிமிஷம்கூடத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாம். நாலு வார்த்தைதான், ஏட்டி நான் மாத்திரை போடுதேன். சொன்னால் அவள் அவரிடம் கேட்பாள், அவர் குழுவில் முகம் காட்ட முடியாது, நடைப்பயிற்சிக்காரர்கள் சிரிப்பார்கள், பேப்பரில் வேறு வந்திருக்கிறது, மறுபடியும் குடை மூலைக்குப் போகும். அதற்குத்தானே கேசரி. வாய் சொல்ல மாட்டாததை ரத்தம் சொல்லட்டும். முந்நூறு என்று வந்தால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம், தானியம் மட்டும் போதவில்லை போலிருக்கிறது என்று அவரே மெள்ள இறங்கி வருவார், செண்பகமும் பயந்து ஊசியைக் கையில் எடுப்பாள். எவ்வளவு பெரிய புத்திசாலி ஆவுடையம்மாள். அறுபது வயதில், புருஷனுக்குப் பயந்து கேசரி தின்கிற புத்திசாலி.

ஒன்பது. ஒன்பதே கால். எதிரே ஒரு பெரியவர் வாயைப் பிளந்து தூங்குகிறார். டிவியில் யாரோ சத்தமில்லாமல் சமைக்கிறார்கள். தாகம் எடுக்கத் தொடங்கிவிட்டது. நல்லது, ஏறுகிறது. தாகம் எடுத்தால் பயப்படுகிறவள் இன்றைக்கு அதற்காகச் சந்தோஷப்படுகிறாள். சுவரில் மாட்டியிருந்த விளம்பரத்தை ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் படித்துப் பார்த்தாள், பிறகு மற்றக் கண்ணால். இடது கண்ணில் எழுத்துக்கு ஓரத்தில் கொசு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. முன்பே இருந்த கொசுவா, இப்போது வந்ததா? ஒரு நாள் மாத்திரை விட்டதற்கு வருமா? அம்மாவுக்குக் கடைசியில் கண் போனது ஞாபகம் வந்தது, தட்டில் எது சோறு எது தட்டு என்று விரலால் தடவித் தின்றாள். அம்மாவுக்கு யாரும் தானியமும் சொல்லவில்லை, மாத்திரையும் சொல்லவில்லை. இப்போது ஊரெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறது. சொல்லுகிறவர்களுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை. பூதலிங்கத்துக்குச் சர்க்கரை கிடையாது. அவர் காலை எழுந்ததும் சீனி போட்ட காப்பிதான் குடிப்பார், மத்தியானம் பொன்னி அரிசிச் சோறு, இரண்டாம் தடவை ரசத்துக்கும் சோறு. எனக்கு என்ன வியாதியா என்பார். ஒரு நாள் கேட்டாள், நீங்களும் வரகு சாப்பிட்டா எனக்குன்னு தனியா வடிக்க வேண்டாமே என்று. தொண்டையில் குத்துகிறது என்றார். சிரிப்பு வந்தது ஆவுடையம்மாளுக்கு, சிரித்தால் எதிரே தூங்குகிறவர் முழித்துக்கொள்வார் என்று அடக்கினாள். அப்புறம் சிரிப்பு போய், வெறுப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் அவரை இப்படி வெறுத்ததில்லை. இது புதுசு. அவர் கெட்டவர் இல்லை, ஊருக்கு நல்லது செய்கிறதாகத்தான் நினைக்கிறார், உண்மை தெரியாது அவருக்கு, தெரிந்தால் துடித்துப்போவார் என்று அந்த வெறுப்பின் மேல் தானே தண்ணீர் ஊற்றினாள். உண்மை தெரியாது. அதைத்தான் பத்து மாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். குற்றம் முழுக்கத் தன்னுடையது. மறைத்தவள் இவள்தானே.

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொள்கிறவள் இன்று திறந்து வைத்துப் பார்த்தாள். கறுப்பாக, கெட்டியாக ஏறியது. பத்தரைக்கு லேப் பெண் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டு, "என்னம்மா சாப்பிட்டீங்க? இருநூத்தித் தொண்ணூத்தி நாலு காட்டுது" என்றாள். ஆவுடையம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது. "உப்புமா" என்றாள். அந்தப் பெண் நம்பவில்லை. "வெறும் வயித்துலயே நூத்தி அம்பத்தெட்டு இருக்கு. ஆனா பயப்படாதீங்க, மூணு மாசத்துச் சராசரி அருமையா இருக்கு, ஆறு புள்ளி நாலு." "அது என்னது?" "மூணு மாசமா சுகர் எப்படி இருந்துதுன்னு காட்டுறதும்மா. இன்னைக்கு நீங்க லட்டே சாப்பிட்டாலும் அதுல தெரியாது." "எப்பமும் ரெண்டுதானே எடுப்பீங்க." "சார் இந்தத் தடவை இதையும் சேத்து எழுதிக் குடுத்திருக்காங்களே." ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினாள். அவருடைய கையெழுத்து, சர்வேக் கல்லுக்கு நம்பர் போடுகிற மாதிரி குண்டு குண்டாக. குழுவில் யாரோ ஒரு ரிட்டயர்டு கம்பவுண்டர், ஒரு நாள் ரத்தத்தை நம்ப முடியாது, மூன்று மாதத்துக் கணக்கைக் காட்டுங்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேசரி தோற்றுவிட்டது. மூன்று மாதம் ஒளித்து விழுங்கிய நூற்றெண்பது மாத்திரையும் சேர்ந்து அவருக்கு ஆறு புள்ளி நாலு வாங்கிக் கொடுத்துவிட்டன.

பூதலிங்கம் வந்தார், சட்டையில் யாரோ குத்திவிட்ட ரோஜாப்பூவோடு. ரிப்போர்ட்டை வாங்கினார், மேலேயிருந்து கீழே விரலை ஓட்டினார், ஆறு புள்ளி நாலில் நின்றார். "பாத்தியா!" இருநூற்றுத் தொண்ணூற்று நாலைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு போட்டோ பிடித்தார். அது தற்செயலாக விழுந்த விரலோ என்று ஆவுடையம்மாள் ஒரு நொடி பார்த்தாள். அவர் இன்னும் வாகாக விரலை நகர்த்தி இன்னொரு படம் எடுத்தார்.

"மேல இருக்கதையும் போடுங்க."

"அது மெஷின் கோளாறு. நீ சும்மா இரி."

"என்னங்க." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நான் மாத்திர போடுதேன். பத்து மாசமா. தெனம் ரெண்டு."

அவர் நிமிர்ந்தார். முதலில் பார்த்தது அவளை அல்ல, எதிரே தூங்குகிறவரை, அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேப் பெண்ணை. "மெதுவாப் பேசு" என்றார். பிறகு, "தெரியும்."

"என்ன தெரியும்?"

"ராஜாமணி சொன்னான். ஆச்சு, ஏழு மாசம் இருக்கும். ஒனக்கு மனசு தைரியம் பத்தல, போட்டுக்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அதுக்கு என்ன இப்போ."

கேசரி தொண்டைவரை வந்தது. தெரியும். தெரிந்துதான் போட்டோ, தெரிந்துதான் தராசு, தெரிந்ததால்தான் மூன்று மாதத்துக் கணக்கு என்று தைரியமாக எழுதிக் கொடுத்திருக்கிறார், மாத்திரை போடுகிறவள் ரத்தம் காட்டிக்கொடுக்காது என்று. தெரிந்துதான் செண்பகத்துக்கு லிஸ்ட் அனுப்பியிருக்கிறார். ஒன்னய நம்பித்தான் இறங்குதேன். ஆவுடையம்மாள் போனை எடுத்துக் கூப்பிட்டாள், அவர் கண் முன்னாலேயே. "ஏட்டி செண்பகம், கேளு. ஊசிய நிறுத்தாத. நான் மாத்திர விடவே இல்ல. கண்ணு கெட்டுப் போயித்தான் திருப்பிப் போட்டேன். ஒங்கிட்ட மறச்சிட்டேன், தப்பு எம்மேலதான். ராத்திரி ஊசியப் போட்டுரு, என்ன?" செண்பகம், "இரிக்கா. அத்தான்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.

பூதலிங்கத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். ஆவுடையம்மாளைப் பார்த்தார். ரிப்போர்ட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார். "ஆமா, இங்கதான் நிக்கா. ஒங்கக்காவுக்கு இன்னைக்குச் சுகர் சட்டுனு ஏறிட்டு. இருநூத்தித் தொண்ணூத்தி நாலு. எதையோ வெளிய வாங்கித் தின்னுருக்கா. ஏறினா அவளுக்கு இப்படித்தான், என்ன பேசுதோம்னு தெரியாது. நீ பயப்படாத. மூணு மாசத்துக் கணக்கு அருமையா இருக்கு, படம் அனுப்புதேன் பாரு."

"பொய்!" என்று ஆவுடையம்மாள் கத்தினாள். எதிரே தூங்கியவர் முழித்துக்கொண்டார். லேப் பெண் எழுந்து நின்றாள். பூதலிங்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோலச் சிரித்தார். "கேட்டியா" என்றார் போனில்.

அவர் கையில் அந்த நம்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தது தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது. அழுகை வரவில்லை. வாய் முழுக்க இனிப்பாக, சகிக்க முடியாத இனிப்பாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். "ஏட்டி, எங்க போற?" என்று பின்னால் குரல் வந்தது. திரும்பவில்லை. ஆட்டோக்காரனிடம் புது பஸ் ஸ்டாண்டு என்றாள். கோவில்பட்டிக்கு ஒன்றரை மணி நேரம், தாமதித்தால் இரண்டு. செண்பகம் ராத்திரி ஊசி போடுவது ஏழரை மணிக்கு. அதுவரை கூடவே உட்கார்ந்திருப்பாள், எல்லாவற்றையும் சொல்லுவாள். நம்பினால் சரி. நம்பாவிட்டால் காலில் விழுவாள். அதற்கும் மசியாவிட்டால், தங்கச்சியைப் பிடித்து அழுத்திக்கொண்டு தானே குத்துவாள்.